பிரிக்காத பொட்டலம்

எனக்குப் பொட்டலம் மடிக்க நன்றாக வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும் என்பதால், வாசகர்களின் அனுமதியோடு முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஊரில் உள்ள எங்கள் கோழிப்பண்ணையை என் மனைவி தனப்பிரியா நடத்துகிறார். சென்ற ஆண்டு உலகமே கணினிச் சிப்புகளைப் பற்றிப் பேசியபோது, எனக்கு எளிய உண்மை ஒன்று புலப்பட்டது. முட்டை விலை ஏறினால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் புதுக் கொட்டகை போடுவார்கள். அப்போது முதலில் செழிப்பவர் கூண்டு செய்பவர். சிப்பு முட்டை என்றால், சிப்புத் தொழிற்சாலைக்கு இயந்திரம் செய்து தரும் நிறுவனம்தான் கூண்டுக்காரர். அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்குவதே அறிவுடைமை. அதற்குக் கோழிகளை விற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“ஏனுங்க, நாளைக்கு முட்டை வெக்கப்போற கோழிய எந்தக் கிறுக்கனாச்சும் விப்பானுங்களா? அந்த மிசினை நீங்க கண்ணுல பாத்திருக்கீங்களா?” என்றார் மனைவி.

“கம்பெனி அறிக்கையில படம் பாத்தேன், அம்மிணி.”

“படத்துக்குத் தீவனம் போட்டா முட்டை வெக்குமுங்களா? மாரியாத்தாகிட்டப் பூக் கேப்போம். அவ சொன்னா வித்துப்போடலாமுங்க.”

எங்கள் ஊர் வழக்கம் இது. வெள்ளை அரளி ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளி ஒரு பொட்டலத்திலுமாக மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்பவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம். மற்றொன்றைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பது அம்மனைச் சந்தேகிப்பதாகும்.

பூசாரி சின்னுசாமிக்கு வயதாகிவிட்டது, விரல் நடுங்கும். அவருக்கு உதவியாகப் பொட்டலங்களை நான் மடித்தேன். தனப்பிரியா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது. மற்றதை நானே பணிவுடன் கிணற்றில் போட்டேன்.

கோழிகளைப் பக்கத்துத் தோட்டத்து வேலுசாமி வாங்கிக்கொண்டார். அம்மனே சம்மதித்த பங்கு என்பதால் ஊரில் பலரும் கோழிகளை விற்று அதையே வாங்கினார்கள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

பிறகு சிப்புத் தொழிற்சாலைகள், இருக்கும் இயந்திரங்களே போதும் என்றுவிட்டன. பங்கு சரிந்தது. கொட்டகைகள் நிரம்பியதும் முதலில் வேலை இல்லாமல் போகிறவரும் கூண்டுக்காரர்தான் என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. முட்டை விலை ஏறியது. வேலுசாமி மரியாதைக்காக ஒரு தட்டு முட்டை கொடுத்தனுப்பினார். சுவையாகவே இருந்தன.

தனப்பிரியா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. “ஆத்தாளே பொய் சொல்லிப்போட்டா. இனி ஆரை நம்பறதுங்க?” என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் விளக்கேற்றவில்லை.

அம்மன் பொய் சொல்ல மாட்டாள் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. ஆகவே பூசாரியின் சுத்தத்தில்தான் குறை இருக்க வேண்டும். படித்தவன் என்பதால் தலைமையை எனக்குக் கொடுத்தார்கள். அவருக்கு ஓய்வளிக்கலாம் என்று மிக மென்மையான சொற்களில் முன்மொழிந்தேன்.

சின்னுசாமி கோயில் சாவியை என்னிடம் நீட்டினார். “கையக் கழுவாம நானு பூவத் தொட்டதே இல்லீங்க, வாத்தியாரே. நீங்களாச்சும் நம்போணும், சாமி.”

நம்பினேன். அன்று இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியை வைத்தவன் நான்தானே. ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லை. அம்மன் சரியான முடிவைத்தான் சொல்வாள் என்ற உறுதியால், அவளுடைய சிரமத்தைக் குறைத்தேன்.

பூசாரியை மீண்டும் அழைக்கலாமா என்று வரும் வெள்ளிக்கிழமை பூக் கேட்கிறார்கள். “நீங்களே மடிச்சுப்போடுங்க, நேர்த்தியா இருக்கும்” என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வந்தால், அப்படியானால் குறை யாரிடம் என்ற தேவையற்ற கேள்வி எழும்; ஊரின் அமைதி கெடும். எங்கள் வேலியில் இரண்டு நிற அரளியும் பூத்திருக்கின்றன. சிவப்பை மட்டும் பறித்து வைத்திருக்கிறேன்.

அம்மனின் தீர்ப்பு எதுவானாலும், தலைவணங்கி ஏற்பேன்.