சுவத்துல ஏழு ஆணி

...அந்த ஆணியில தொப்பிய மாட்டாதீங்க தெண்டி அண்ணே. பக்கத்து ஆணியிலயும் வேணாம். மடியிலயே வச்சுக்குங்க. அது வேற எதுக்கோ அடிச்சது. எங்க விட்டேன்... ஆங், ஏழு மலை. கண்டத்துக்கு ஒண்ணுன்னு ஏழு உச்சியாம். ஏழுலயும் ஏறி நின்னு போட்டோ புடிச்சுக்கணுமாம் அந்தப் பல் டாக்டருக்கு. அவரு நாட்டுல நாலு பேரு பல்லப் புடுங்கிட்டு நிம்மதியா இருந்த மனுசன், இவருக்கு எதுக்கு இந்த வேலை? எடுத்த எடுப்புலயே நம்ம ஜோமோலுங்மாவாம். மத்ததெல்லாம் அப்புறமாம். சந்தையில சாமான் வாங்குற மாதிரி பட்டியல் போட்டு வச்சிருக்காரு. அத எவரெஸ்ட்டுன்னு எழுதி, பக்கத்துல சின்னதா ஒரு கட்டம். ஏறி முடிச்சா அதுல டிக் அடிக்கணுமாம். சாமி குடியிருக்கற எடம் அண்ணே அது!

குடிங்க, குடிங்க. நல்ல சாங், அரிசிக் கள்ளு. நானே ஊற வச்சது. ஆறிப்போற சரக்கா இது, மெதுவாக் குடிங்க.

போன வருஷம் இங்க ஒரு சின்ன மலையில ஏறினாரே, அதுவே எங்க வீட்டுக்காரரு இடுப்புல கயிறு கட்டி இழுத்துட்டுப் போனதுதான். எறங்கி வந்து இதே அடுப்படியில உக்காந்து, எங்க வீட்டுக்காரரப் பாத்து, "ஃபுர்பா, நாம ஜெயிச்சுட்டோம்"னாரு. நாமளாம்! ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டது யாரு, தண்ணி காய்ச்சிக் குடுத்தது யாரு, ராத்திரி வாந்தி எடுத்தப்போ தலையப் புடிச்சது யாரு? இவங்கள எல்லாம் மலை ஏறுறவங்கன்னு சொல்றாங்க. நம்மள சுமை தூக்குறவங்கன்னு சொல்றாங்க.

மத்த ஆறு மலையும் எனக்குத் தெரியும் அண்ணே. எதுத்த லாட்ஜ் லாமு இருக்காளே, அவ புருசன் மிங்மாவ ஒரு வெள்ளைக்காரர் கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் காட்டிட்டாரு. லாமு சாப்பாட்டு அறைச் சுவரு பூரா போட்டோ. யாரு டீ குடிக்க வந்தாலும் முதல்ல போட்டோவப் பாக்கணும், அப்புறந்தான் டீ வரும். ஐரோப்பாவுல ஒண்ணு இருக்காம், பாதி மலை வரைக்கும் கம்பியில தொங்குற நாற்காலியில உக்காந்தே போயிடலாமாம். அத ஏறினேன்னு சொல்லிக்க வெக்கமா இருக்காதா? தென் அமெரிக்காவுல கோவேறு கழுதை சாமானத் தூக்குது. ஆப்பிரிக்காவுல நம்மளாட்டம் பாவப்பட்டவங்க தலையில சுமந்துட்டு ஓடுறாங்க. ஆஸ்திரேலியாவுல இருக்கறது நம்ம யாக்கு மேயுற உயரம் கூட இல்லையாம். அதனால அதச் சேக்கறதா, இல்ல வேற தீவுல இருக்கற பாறைய எண்ணிக்கறதான்னு அவங்களுக்குள்ளயே சண்டையாம். எண்ணவே தெரியாதவங்க எதுக்கு ஏறணும்? பனியே நாடா இருக்கற எடத்துக்கு ஏரோப்ளேன் வச்சுப் போறாங்க. அலாஸ்காவுல மட்டும் குளிரு நெசமாவே கடிக்குமாம். மிங்மா மூக்கு நுனி கறுத்துப்போச்சு. அதையும் லாமு பெருமையாத்தான் காட்டுறா.

இன்னும் வாயே வைக்கலையே. ஊத்தின சாங்க அப்படியே வச்சா வீட்டுக்கு நல்லதில்ல அண்ணே.

மடத்து லாமா என்ன சொன்னாருன்னு கேளுங்க. போன வாரம் பூசைக்கு நாள் குறிக்கப் போனேன். எங்க வீட்டுக்காரரு பொறந்த வருஷம் கேட்டாரு. பாம்பு வருஷம்னேன். அப்படியே என்னைப் பாக்குறாரு. லோசார் வந்து புது வருஷம் பொறந்து இப்ப நடக்கறதும் பாம்பு வருஷந்தானே யாங்ஜி, அவனுக்கு நாப்பத்தொம்பது ஆயிடுச்சே, பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தன் வருஷம் திரும்பி வந்தவன் வீட்டுப்படி தாண்டவே யோசிப்பான், அவனைப் போயி பனிப்பாறைக்கு நடுவுல அனுப்புறியான்னு கேட்டாரு. மழைக்காலம் முடிஞ்சப்ப எண்ணினேன், நாப்பத்தெட்டுதான் வந்துச்சு. நடுவுல லோசார் வந்து எல்லாருக்கும் ஒரு வயசு கூடும்னு தோணவே இல்ல அண்ணே. வருஷா வருஷம் வர்றதுதானே, எப்படி மறந்தேன்...

நாளைக்குக் காலையில நீங்க ஆளுங்களக் கூட்டிட்டு மேல போறீங்க. ஆளுங்களுக்குத் தலைவரு, சர்தார் நீங்க. பட்டியல் உங்க கையில. ஒரே ஒரு பேரு, ஃபுர்பாங்கற பேர அடிச்சுட்டா போதும். அதுக்குத்தான்...

ஏன் அண்ணே கோப்பைய உள்ளங்கையால மூடுறீங்க?

சரி. தெரிஞ்சுபோச்சு. நம்ம ஊர்ல யாருக்குத்தான் தெரியாது, சாங் ஊத்தி மூணு கோப்பை குடிக்க வச்சுட்டு ஒண்ணு கேட்டா குடிச்சவரு மாட்டேங்கக் கூடாதுன்னு. ஆமா, மழைக்காலம் முடிஞ்சு உங்க வீட்டுக்குப் பெரிய குடத்துல சாங் தூக்கிட்டு வந்தது நாந்தான். பல் டாக்டர் கூட என் வீட்டுக்காரரையே போடுங்கன்னு கெஞ்சினது நாந்தான். கூட ஏறுறவர ஏழு மலைக்கும் சொந்தச் செலவுல கூட்டிட்டுப் போறேன்னு அவரு சொன்னாரே, அந்த ஆசைதான். லாமு சுவத்துல இருக்கற மாதிரி என் சுவத்துலயும் ஏழு போட்டோ வேணும்னு நானே சுத்தியல் எடுத்து அடிச்ச ஆணி அண்ணே இது ஏழும். பனிக்கடியில ரெண்டு விரல் நுனி போனப்பவே இனிமே பெரிய மலை ஏற மாட்டேன்னு சொல்லிட்ட மனுசன். நான் உங்ககிட்ட கேட்டப்ப அவரு திபெத்துப் பக்கம் சந்தைக்குப் போயிருந்தாரு. திரும்பி வந்தப்ப பேரு பட்டியல்ல இருந்துச்சு. ஒரு வார்த்தை கேக்கல. பூட்ஸ எடுத்து மெழுகு தடவ ஆரம்பிச்சுட்டாரு. அதத்தான் என்னால தாங்க முடியல.

அன்னைக்கு மூணு கோப்பையும் சிரிச்சுட்டே குடிச்சீங்களே, இன்னைக்கு மட்டும்... எந்திரிச்சுட்டீங்களா? குடுத்த வார்த்தை குடுத்ததுதான்னு உங்க மூஞ்சியே சொல்லுது. போங்க. கதவ நல்லா சாத்துங்க, காத்து அடிக்குது. ஒரு சொட்டு கூடக் குறையல பாருங்க.

...என்னங்க? யாரும் வரலைங்க, நாந்தான் தனியாப் பேசிட்டு இருந்தேன். மூட்டை கட்டினது போதும், மேல இருந்து கீழ வாங்க. சாங் ஊத்தி வச்சிருக்கேன். இல்ல, பாதியில வைக்கக் கூடாது. மூணு கோப்பையும் குடிக்கணும். அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க. அன்னைக்கே உங்ககிட்டதான் கேட்டிருக்கணும்.