அனுப்புநர் முகவரி

— அதெல்லாம் சரிடி வாயாடி. அட்டைப்பெட்டி மேல ‘அனுப்புநர்’னு யாரு பேரு வரும்? அதை முதல்ல சொல்லு.

— நான் டிசைன், வேகம், இடவசதின்னு மூச்சுமுட்டச் சொல்லிட்டிருக்கேன், நீ பெட்டியிலயே நிக்கிற. வெப்சைட் ஆரம்பிக்கப்போற எந்த போட்டோகிராஃபரும் இதை முதல் கேள்வியாக் கேட்டிருக்க மாட்டாங்கக்கா.

— அவங்களுக்கெல்லாம் மணிக்கட்டுக்குள்ள இரும்புத் தகடு இருக்காது. சொல்லு.

— சரி, சரி, சொல்றேன். லேப்டாப்பைத் திறந்து வச்சிருக்கியா? நான் அனுப்பின மூணு லிங்க்கும் இருக்கா?

— இருக்கு. போனை ஸ்பீக்கர்ல போட்டு மேசைமேல வச்சிருக்கேன். பாப்பா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள முடிச்சிரணும். அவ இருந்தா என்னை ஒரு வேலை பார்க்க விடமாட்டா, கூடவே ஒட்டிக்குவா.

— இன்னுமா அப்படி இருக்கா?

— புது வீட்டுக்கு வந்து இத்தனை நாளாச்சு, இன்னும் அவ துணிப்பையைப் பிரிக்கல. கட்டில் பக்கத்துல அப்படியே இருக்கு. ஏன்டான்னு கேட்டா, மறுபடியும் கட்டணுமேங்கிறா.

— அய்யோ... எனக்கு அவளைப் பார்க்கணும்போல இருக்குக்கா.

— பார்க்கலாம். இது கொஞ்சம் அடங்கட்டும். இப்ப முதல் லிங்க்கைச் சொல்லு.

— முதல் லிங்க் பெரிய சந்தை மாதிரி. ஆயிரக்கணக்கான பேரு விக்கிறாங்க. நீ படத்தைப் போட்டா போதும், கூட்டம் தானா வரும். அவ்ளோதான் மேட்டர்.

— பார்த்தேன். என் படத்துக்கு இந்தப் பக்கம் தலையணை உறை, அந்தப் பக்கம் பல்லிளிக்கிற பூனை போட்ட காபி கப்பு. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். கீழ பாரு, விக்கிறவங்க பேரும் ஊரும் போட்டாத்தான் கடை திறக்க விடுவாங்களாம்.

— ஊரு மட்டும்தானேக்கா?

— ஊரு போதாதா அந்த ஆளுக்கு? முதல் வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சான்? பாப்பாவோட பழைய ஸ்கூல்ல போய், நான்தான் அப்பான்னு நின்னு, எந்த ஸ்கூலுக்கு மாத்தினாங்கன்னு கேட்டு வாங்கிட்டான். ரெண்டாவது வீட்டை என் தோழி ஒருத்தி, பாவம், நல்லது பண்றதா நெனச்சு வாயை விட்டுட்டா. இது மூணாவது வீடு. நாலாவது வீடு பார்க்க என் உடம்புல தெம்பு இல்லடி.

— மாமா இப்ப...

— அந்த ஆளை மாமான்னு சொல்லாதன்னு எத்தனை தடவ சொல்றது?

— பழக்க தோஷம்க்கா, வாயில வந்திருச்சு. இப்பல்லாம் குடிக்கிறதில்லையாம். அம்மா சொன்னாங்க.

— என் கையை ஒடிச்ச அன்னைக்கும் அவன் குடிச்சிருக்கல. அம்மாகிட்ட அதையும் சொல்லு. ரெண்டாவது லிங்க்குக்கு வா.

— ரெண்டாவது உனக்குப் பிடிக்காது. அவங்களே பிரிண்ட் போட்டு அவங்களே அனுப்பிருவாங்க. சாம்பிளுக்கு ஒண்ணு என் வீட்டுக்கு வரவச்சேனே, ஞாபகம் இருக்கா? படம் எடுத்து அனுப்பினேனே.

— மழைல நனைஞ்ச தார்ரோடு.

— ஆமா, அதேதான்.

— கருப்பெல்லாம் சாம்பலாப் போயிருந்துச்சு. அந்தப் படத்துல கருப்பைத் தவிர வேற என்னடி இருக்கு? ஒரு செருப்பும் கொஞ்சம் வெளிச்சமும். கருப்பு செத்தா படமே செத்துச்சு.

— அதான் சொல்றேன், இது வேணாம்.

— இரு. பெட்டி மேல என்ன போட்டிருந்துச்சு?

— அவங்க ஃபேக்டரி முகவரி.

— என் பேரு?

— எங்கயும் இல்ல.

— அப்ப இதுவே போதும். போடு.

— அக்கா! கல்யாண ஆல்பத்துல ஒரே ஒரு பக்கம் பழுப்படிச்சிருச்சுன்னு மொத்த ஆல்பத்தையும் திருப்பி அனுப்பினவ நீ. நகையெல்லாம் பீரோல விட்டுட்டு பிரிண்டரைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு வீட்டை விட்டு வந்தவ நீ. இப்ப சாம்பல் போதும்ங்கிற?

— சாம்பல் படம் வித்தாலும் உயிரோட விக்கலாம்ல.

— இப்படிப் பேசாத. எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான் பயம். சும்மா விறைப்பாப் பேசுறேன். ராத்திரி அந்த சாம்பிளைப் பெருசு பண்ணிப் பார்த்துட்டு எவ்வளவு அழுதேன் தெரியுமா? பதினாறு வருஷம் நான் எடுத்த படத்துக்கெல்லாம் கீழ அவன் பேரைப் போட்டான். மண்டபத்துல எல்லாரும், சார் நீங்க பெரிய ஆர்ட்டிஸ்டுன்னு அவன் கையைப் பிடிச்சுக் குலுக்குவாங்க. நான் பின்னாடி லைட் ஸ்டாண்டை மடக்கிட்டு நிப்பேன். இப்ப முதல் தடவையா என் படம் என் படமா வெளில போகப்போகுது. அதுவும் சாம்பலா.

— அதுக்குத்தான் மூணாவது. நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளு. இது சந்தை இல்ல, உனக்கே உனக்குன்னு தனிக்கடை. இடம் அவங்களோடது, கடை உன்னோடது. நீயே உன் பிரிண்டர்ல போடு, உன் கருப்பு கருப்பாவே இருக்கும். கூரியர்காரன் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிட்டுப் போவான்.

— வாசலுக்கா? அப்ப என் முகவரி குடுக்கணும்.

— குடுக்கணும். ஆனா வாங்குறவங்களுக்குத் தெரியாது. பெட்டி மேல இவங்க குடோன் முகவரிதான் ஒட்டுவாங்க. திரும்பி வந்தாலும் அங்கதான் போகும். ‘ரகசியம்’னு ஒரு பக்கம் இருக்கு பாரு, அதைத் திற.

— திறந்துட்டேன். ‘விற்பனையாளர் முகவரி எவருக்கும் காட்டப்படாது’... ‘கணக்கு உரிமையாளர் மட்டுமே பார்க்கலாம்’... உரிமையாளர்னா யாரு?

— கணக்கு வச்சிருக்கவங்க.

— நீதானே கணக்கு திறந்த?

— ஆமா... பாஸ்வேர்ட் நம்மகிட்டதானே இருக்கு.

— ஏன் இழுக்குற?

— இழுக்கலக்கா. அடுப்புல பாலை வச்சேன், அதைப் பார்த்தேன்.

— உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லலைல?

— அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமா.

— நான் உனக்கே வீட்டைச் சொல்லாம வச்சிருக்கேன். அதுல உனக்கு வருத்தம்னு எனக்குத் தெரியும். உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லடி. அவன் வந்து உன் வாசல்ல நின்னு மிரட்டினா, உனக்குத் தெரியாதுன்னு நீ தைரியமாச் சொல்லணும்ல. அதுக்குத்தான்.

— தெரியும்க்கா.

— இவங்க ஓடிப்போற கம்பெனி இல்லையே? ஆறு மாசத்துல கடையை இழுத்து மூடிட்டா என் படமெல்லாம் என்னாகும்?

— ரொம்ப வருஷமா இருக்காங்க. படத்தையெல்லாம் முழு சைஸ்ல இன்னொரு இடத்துலயும் காப்பி எடுத்து வைப்பாங்க. நான் நல்லா விசாரிச்சேன்.

— பரவாயில்லையே, நீகூட விசாரிக்கிற அளவுக்கு வளர்ந்துட்ட. சின்ன வயசுல பென்சில் வாங்க அனுப்பினா ரப்பரோட வருவ.

— இப்பவும் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருச்சு. நீ சிரிக்காத.

— சிரிச்சு நாளாச்சுடி. விடு. படமெல்லாம் ஏத்திட்டியா?

— ஏத்திட்டேன். ஆனா அந்தத் தண்ணித் தொட்டி படத்தை ஏன்க்கா எடுத்துட்ட? அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

— அது இந்த ஜன்னல்லேர்ந்து எடுத்தது. அந்தத் தொட்டியைத் தெரிஞ்சவன் இந்தத் தெருவைக் கண்டுபிடிச்சிருவான். போர்டு இல்லாத படம், முகம் இல்லாத படம், இதுதான் நம்ம கடை. கொடியில காயுற சட்டை, ஷட்டர் மேல வெயில், பஸ்ஸுக்கு நிக்கிறவங்க முதுகு. இவ்வளவுதான் என்னால தைரியமா எடுக்க முடிஞ்சது.

— அந்த முதுகு படமெல்லாம் பார்த்தா என்னவோ போல இருக்குக்கா. எல்லாரும் எதுக்கோ காத்திருக்கிற மாதிரி.

— பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தாங்க. ரொம்ப உருகாத.

— சரி, மூணாவதுதானே? முடிவு பண்ணிரலாமா?

— கொஞ்சம் இரு... அந்த ‘ரகசியம்’ பக்கத்தை இன்னொரு தடவ படிச்சுக்கிறேன்.

— பயமா இருந்தா இன்னைக்கு வேணாம்க்கா. இன்னொரு நாள் பார்த்துக்கலாம். இல்லன்னா ரெண்டாவதையே எடுத்துக்கலாம், சாம்பலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

— இவ்வளவு நேரம் மூணாவது மூணாவதுன்னு நின்னவ, இப்ப நீயே பின்வாங்குற?

— உனக்கு ஏதாவது ஆயிருமோன்னு திடீர்னு பயம் வந்துருச்சு.

— எனக்குக் கருப்பு கருப்பாவே வேணும்டி. ஒரு தடவையாவது. மூணாவதையே போடு. எங்க எழுதணும்?

— ‘கூரியர் எடுக்க வேண்டிய இடம்’னு இருக்கு பாரு.

— இருக்கு. கதவு எண், தெரு... இதை நான் அடிச்சா உனக்கும் தெரியுமா?

— என் ஸ்க்ரீன்ல தெரியும். நான் வேணும்னா கண்ணை மூடிக்கிறேன்.

— வேணாம். பாரு. உனக்காவது தெரியட்டும். பாப்பாவுக்கு போன வாரம் காய்ச்சல் கொதிச்சுச்சு. அக்கம்பக்கம் யாரையும் கூப்பிடப் பயம். அப்பதான் நெனச்சேன், எனக்குன்னு இந்த உலகத்துல ஒருத்தி, என் வீடு எங்க இருக்குன்னு தெரிஞ்சவளா இருக்கணும்னு. அது நீயா இருக்கட்டும்.

— அக்கா...

— அழுறியா?

— இல்ல.

— மூக்கை உறிஞ்சுற. அடிச்சுட்டேன் பாரு. மாடி வீடு. கீழ தையல் கடை. வந்தா பக்கத்துச் சந்துல ஏறணும், பச்சைக் கதவு.

— எவ்வளவு பக்கத்துல இருக்கக்கா நீ... நீ எங்கயோ கண்காணாத தூரத்துல இருக்கன்னுல நான் நெனச்சுட்டிருந்தேன்.

— பக்கத்துல தேடமாட்டான்னு நெனச்சேன். ‘சேமி’ அமுக்கட்டுமா?

— ம்.

— அமுக்கிட்டேன். பச்சையா டிக் விழுந்துருச்சு. அப்பாடா! ஏய், சத்தியமாச் சொல்றேன், மனசு லேசாயிருச்சு. தார்ரோடு படத்தை முதல்ல வை. பிரிண்ட் மூலையில பென்சில்ல என் கையெழுத்துப் போடப்போறேன். முழுப் பேரும் வேணாம், ஒரு எழுத்து. ஆனா அது என் எழுத்து.

— போடுக்கா. கண்டிப்பாப் போடு.

— இப்ப ‘கடையைத் திற’னு ஒரு பட்டன் வந்திருக்கு. அமுக்கினேன்... ஓடிபி கேக்குது. உரிமையாளர் போனுக்கு அனுப்பியிருக்காம். உனக்கு வந்துச்சா?

— இரு... கேட்டுச் சொல்றேன்.

— யாரைக் கேக்கணும்? உன் போன்லதானே வரும்?

— வந்துரும்க்கா, ஒரு நிமிஷம் இரு.

— வாயாடி. உன் போன்லதானேடி வரும்?

— கணக்கு என் பேர்ல இல்லக்கா.

— யார் பேர்ல இருக்கு?

— மாமா, அம்மா வீட்டு வாசப்படில வந்து உக்காந்து அழுதாருக்கா. அவ தொழில் என்னாலதான் போச்சு, நான் பண்ணேன்னு தெரியாமலே அவளுக்கு ஒரு கடை வச்சுக் குடுக்கிறேன், உள்ள எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணாரு. அம்மாவும் ஒத்துக்கோடி ஒத்துக்கோடின்னாங்க. பாஸ்வேர்டைக்கூட என் கையிலயே குடுத்துட்டாரு. நான் நம்பிட்டேன்க்கா.

— அழி. அந்த முகவரியை இப்பவே அழி.

— அழிக்கிறேன், அழிக்கிறேன்... மாத்துறதுக்கும் ஓடிபி கேக்குதுக்கா. அவர்கிட்டயே கேட்டிருக்கேன். குடுத்துருவாரு. இதுவரைக்கும் கேட்டப்பல்லாம் குடுத்திருக்காரு.

— பாப்பா பஸ் வர்ற நேரம்டி...

— இரு, இரு, மெசேஜ் வந்துருச்சு!

— நம்பரைச் சொல்லு. சீக்கிரம். நான் அடிக்கிறேன்.

— நம்பர் இல்லக்கா... ‘முகவரி கிடைச்சிருச்சு, ரொம்ப தேங்க்ஸ்’னு போட்டிருக்காரு.