சிவாஜிநகரின் வசவெல்லாம் வாங்கிச் சுமந்த பிரிசில்லா அம்மையாருக்கு

சந்து பொந்தெல்லாம் சீர்செய்த சீருடைச் செல்வமே! தங்கவயல் தந்த தங்கமே! வாழ்த்தொலி கேட்க வாய்ப்பின்றி, வசைமொழியே வரவாக வாங்கியும், மனத்தில் வன்மம் வளர்க்காத மாண்பே! போக்குவரத்துக் காவல் உதவி சப்-இன்ஸ்பெக்டர் பிரிசில்லா அம்மையாரே! வணக்கம்.

துறையின் பணி ஓய்வு விழாவில் நேற்று உங்களைக் கன்னடத்தில் பாராட்டினார்கள். மாலையும் சால்வையும் முறைப்படி விழுந்தன. இந்த மடல் வேறு. லிங்கராஜபுரம் ஆலய மண்டபத்தில், உங்கள் உற்றாரும் சபையாரும் கூடியிருக்க, உங்களோடு வெயிலில் வெந்தவர்கள் தமிழில் வாசிப்பது. நீங்கள் எவரிடமும் சொல்லாததை இவர்களிடம் சொல்லப் போகிறோம். ஆகவே கொஞ்ச நேரம் உங்களிடம் பேசாமல், உங்களைப் பற்றிப் பேசுகிறோம். பொறுத்தருள்க!

பெரியோர்களே! அம்மையார் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளியின் மகள். மழையிலும் புகையிலும் சந்திப்புகளில் நின்று படிப்படியாக உயர்ந்தவர். பிறகு அவரை டோயிங் பிரிவில் போட்டார்கள். நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும் பிரிவு அது. சந்திப்பில் நிற்கும் போலீஸுக்கு நாலு பேராவது வணக்கம் வைப்பார்கள். எங்கள் வண்டியைக் கண்டாலோ மண்ணை வாரித் தூற்றாத குறைதான். வண்டி எண்ணை மைக்கில் வாசித்து எச்சரிப்பது அம்மையாரின் வேலை. எனவே வசவில் பெரும்பங்கு அவருக்கே!

வெளியார் ஏச்சு அவருக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்ததுதான் உறைத்தது. மகள் லவினாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்த நேரம். "அம்மா, அவங்ககிட்ட ட்ராஃபிக்னு மட்டும் சொல்லு. டோயிங்னு சொல்லிடாத, ப்ளீஸ்" என்றார் மகள். அம்மையார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் வண்டியில் ஏறியதும் ஓட்டுநர் கவியரசனிடம், "என் பொண்ணுக்கே என் வேலைய வெளில சொல்ல கூச்சமா இருக்குப்பா" என்றார். அன்று காலை முழுக்க மைக்கில் அவர் குரலே எழும்பவில்லை.

அன்று பிற்பகல்தான் அது நடந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடையில் தீப்பிடித்தது. கடைக்கு மேல்மாடியில் தையல் கூடம். படிக்கட்டு முழுக்கப் புகை. தையல் வேலை செய்த பெண்கள் ஜன்னலில் நின்று கதறினார்கள். தீயணைப்பு வண்டி சந்து முனைவரை வந்து நின்றுவிட்டது. இருபுறமும் பைக்குகள், நடுவில் பெரிய கார் ஒன்று. ஊழியர்கள் மணியடித்தார்கள், கத்தினார்கள். கூட்டம் தீயைப் பார்த்ததே தவிர, வண்டியை எடுக்க ஒருவரும் வரவில்லை.

அம்மையார் எங்கள் வண்டியைச் சந்து முனையில் நிறுத்தச் சொன்னார். மைக்கை எடுத்தார். "காடி தெகீரி! காடி ஹட்டாவோ! வண்டிய எடுங்கப்பா!" என்று மூன்று மொழியிலும் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை. சட்டென்று அவருக்கு என்ன தோன்றியதோ, எல்லோரும் வெறுக்கும் அந்தப் பழைய குரலில், முதல் பைக்கின் எண்ணை நிதானமாக வாசித்தார். "தூக்கப் போறோம். ஃபைன் கட்டிட்டு ஸ்டேஷன்ல வந்து எடுத்துக்கோங்க."

அவ்வளவுதான்! டீக்கடையிலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தார். அடுத்த எண்ணுக்கு இறைச்சிக் கடையிலிருந்து கத்தியும் கையுமாக இன்னொருவர். "ஏய், என் வண்டிடா! வெய்ட் பண்ணுங்க மேடம்!" என்று நாலாபுறமும் ஓட்டம். தீக்கு வராதவர்கள் டோயிங்குக்கு வந்தார்கள். அவர் வாசிக்க வாசிக்கச் சந்து காலியாகிக்கொண்டே போனது.

கார் மட்டும் நின்றது. அதன் எண்ணைத் திரும்பத் திரும்ப வாசித்தும் ஆள் வரவில்லை. மாடியில் கதறல் இருமலாகத் தேய்ந்துகொண்டிருந்தது. "கண்ணாடிய உடைப்பா. ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டுத் தள்ளுங்க" என்றார். கவியரசன் தயங்கினார்: "மேடம், விலை கூடின வண்டி. பின்னால என் தலை போயிடும்." அம்மையார் அவர் தோளைத் தொட்டார். "சொன்னது நான். உடை."

கண்ணாடி நொறுங்கியது. எங்களைத் திட்டியே பழகிய கைகள் எங்கள் கைகளோடு சேர்ந்து காரைத் தள்ளின. தீயணைப்பு வண்டி உள்ளே போனது, ஏணி எழுந்தது, ஒவ்வொருவராக எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய கேத்தரின் என்ற பெண் கரி அப்பிய முகத்தோடு அம்மையாரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க... என் ஸ்கூட்டிய தூக்கிட்டுப் போனவங்கதானே?"

"ஆமாம்மா. இந்தா, முதல்ல தண்ணி குடி."

நடந்தது எங்கள் வழியாக லவினாவின் காதுக்கு எட்டியது. அந்த வாரம் பெண் பார்க்க வந்தவர்கள் வாய் திறக்குமுன் லவினாவே முந்திக்கொண்டாராம்: "எங்கம்மா டோயிங்ல இருக்காங்க."

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கார்க்காரர் பாலகுமார் புகார் கொடுத்தார். விசாரணை வந்தது. "கூட்டத்துல எவனோ உடைச்சான்னு சொல்லிடுங்க மேடம், முடிஞ்சிடும்" என்று நலம் விரும்பிகள் ஓதினார்கள். "கூட்டத்து மேல பழி போட்டா நாளைக்கு எவன் கை குடுக்க வருவான்?" என்று கேட்டுவிட்டு அம்மையார் விசாரணைக்குப் போனார். கவியரசன் ஒப்பந்த ஊழியர். ஒரு சொல் பிசகினால் அவர் வேலை அன்றே போயிருக்கும். விசாரணை நடத்திய, தமிழ் அறிந்த அதிகாரியின் முன் அம்மையார் விறைப்பாக நின்றார். "உடைக்கச் சொன்னது நான் சார். தண்டனை எதுவானாலும் எனக்குக் குடுங்க. திரும்ப இப்படி ஆனாலும் உடைக்கத்தான் சொல்லுவேன்."

அதிகாரி அங்கே உட்கார்ந்திருந்த பாலகுமாரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர், "புகார் வேண்டாம் சார்" என்றார். எல்லோரும் எழுந்தபோது, "ஆஃபீஸ் வேலை எதாவது வேணுமாம்மா? கேளுங்க, போட்டுத் தர்றேன்" என்றார் அதிகாரி.

"ஆஃபீஸ் வேணாம் சார். என் வண்டில வேலை செய்றவங்களுக்கு நல்ல கையுறை வாங்கிக் குடுங்க. தினம் சூடு சைலன்ஸர்ல கைய சுட்டுக்கிறாங்க."

கையுறைகள் வந்தன. எங்களுக்கும் காவல் துறையில் ஓர் இடமுண்டு என்று நாங்கள் முதன்முதலாக நம்பியது அவற்றை அணிந்த அன்றுதான்.

அம்மையாரே! மீண்டும் உங்களிடம் வருகிறோம். கால்வலி தீர்ந்து, கண்ணுறக்கம் நிறைந்து, ஹாரன் ஓசை எட்டாத காலைப் பொழுதுகள் உங்களுக்கு வாய்க்கட்டும்! நிமிர்ந்த நடை நெடுங்காலம் நிலைக்கட்டும்! கர்த்தர் உங்களைக் காப்பாராக! இந்த மடலைக் கையளிக்கும் வேளையில், கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையால் உங்களைக் கும்பிடுகிறோம்.

உங்கள் சொல்லுக்கு வண்டி கிளப்பிய,
கவியரசனும் டோயிங் பிரிவுத் தோழர்களும்
சிவாஜிநகர், பெங்களூரு