திறக்காத பம்பு

கை கழுவ விட்டதற்கு நன்றி ஐயா. கிறீஸ் கையோடு வாக்குமூலத் தாளில் ஒப்பம் வைப்பது எனக்குப் பிடிக்காது. முப்பத்தெட்டு வருடமாக எஞ்சின் வேலை செய்கிறேன். என்னிடம் வந்த எந்த வாகனத்தின் சீற்றிலும் என் விரல் அடையாளம் பட்டதில்லை. சாமித்தம்பி பாஸ் என்றால் துப்புரவு என்று ஊரில் கேட்டாலே சொல்லுவார்கள்.

சதீசனின் வள்ளத்து எஞ்சினைக் கழற்றியது நான்தான். நல்ல பொடியன். எட்டு வருடமாக வேறு பட்டறைக்குப் போனதில்லை. எஞ்சின் புகை கக்கியது, அதனால் ரிங், லைனர், பெயாரிங் எல்லாம் புதிதாகப் போடுவதென்று முடிவெடுத்தோம். மிஞ்சியது டீசல் பம்பு. டீசலை அளந்து எஞ்சினுக்குள் அடிப்பது அதுதான். அது உள்ளே தேய்ந்திருந்தால் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடிச் சூடேறிய பிறகு வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். நின்றால், ஆறும்வரைக்கும் திரும்ப ஸ்டார்ட் எடுக்காது. சூட்டில் அடம்பிடிக்கிறது என்று சதீசனே முன்பு இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

"பம்பையும் பிரிக்க வேணும் தம்பி. நாலு நாள் கூடச் செல்லும்," என்றேன்.

அவன் யோசித்தான். மாரி தணிந்து மீன் படத் தொடங்கிய நேரம், நாலு நாள் பெரிய விசயம். அப்போதுதான் நிதுர்ஷன் மூக்கை நுழைத்தான். கட்டாரில் ஐந்து வருடம் ஜெனரேட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, சந்தியில் புதுப் பட்டறை போட்டவன். வள்ளக்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் நின்ற தேத்தண்ணிக் கடை வாசலில் வைத்துச் சொன்னான்.

"பம்புக்கு ஒண்டுமில்ல மச்சான். பாஸுக்கு வயசு போயிட்டு. காய்ச்சலெண்டு போனாலும் பம்பக் கழட்டத்தான் சொல்லுவார்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். சதீசனும் சிரித்தான் ஐயா. வாயில் வெற்றிலை இருந்தது, அது தெறிக்கச் சிரித்தான். எனக்கு அது வலித்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

"வேணாம் பாஸ், இருந்தபடியே பூட்டுங்க. மறுகா பாப்பம்," என்றான்.

சாமானுக்குச் சொந்தக்காரன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதுவரைக்கும் என்மேல் ஒரு பிழையும் இல்லை. நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அவனுடைய பெண்சாதி தனுஷா வந்தது மறுநாள் பின்னேரம். அவள் சொன்னதாக நீங்கள் வாசித்துக் காட்டியது அவ்வளவும் உண்மை, அந்தப் பிள்ளை பொய் பேசாது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பேசினாள்.

"மாமா, பம்பையும் பாக்கட்டாம் எண்டு சொல்லச் சொன்னவர். காலத்தால இருந்து சண்ட பிடிச்சித்தான் ஓமெண்ட வச்ச. ஆத்துவாயில எஞ்சின் நிண்டா என்ன செய்யிற எண்டு கேட்டன். நாலு நாள் போனாப் போகட்டும்."

பம்பு அப்போது என் மேசையில்தான் கிடந்தது. துணியால் அதைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். பிரித்துச் செய்தால் வள்ளம் வருடக்கணக்கில் ஓடும். ஓடினால், முதலிலேயே நல்லாகத்தான் இருந்தது, நான் சொன்னேன்தானே என்பான் நிதுர்ஷன். கடை வாசலில் இன்னொரு சிரிப்பு எழும்பும். நிற்காத எஞ்சினைப் பற்றி எந்த ஊரிலும் எவனும் பேசுவதில்லை ஐயா. முப்பத்தெட்டு வருடமாக எத்தனை எஞ்சினை நான் நிற்கவிடாமல் காப்பாற்றினேன் என்று யாருக்குத் தெரியும்?

"தேவல்ல பிள்ள. நான் திரும்பவும் பாத்தன், பம்பு நல்லாத்தான் இருக்கு. பயப்பிடாமப் போ," என்றேன்.

"நிதுர்ஷன் சொல்லக்க நான் நம்பல்ல மாமா. நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி," என்றாள். இதை அவள் உங்களிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பூட்டிக் கொடுத்தேன். வாவியில் அரை மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தோம். சத்தம் அருமையாக இருந்தது. சதீசன் என் தோளைத் தட்டினான்.

எஞ்சின் நடுக்கடலில் நிற்கும், போன் எடுப்பான், வேறு வள்ளம் கட்டி இழுத்து வரும், ஊர் பார்க்கும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று முதலில் சொன்னேன். அதை வெட்டிவிடுங்கள். வலை போட்டதும் எஞ்சினை நிற்பாட்டுவார்கள், அது ஆறிவிடும். கரைக்குத் திரும்பும் மூன்று மணித்தியால ஓட்டத்தில்தான் முழுச்சூடு ஏறும். அந்தச் சூட்டோடு வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் ஒன்றுதான், வாவி கடலோடு சேரும் ஆற்றுவாய். அங்கே குறைத்து, அலைக்குப் பொறுத்திருந்து, திரும்ப முறுக்கித்தான் வாவிக்குள் ஏற வேண்டும். இது எனக்குத் தெரியும்.

மீன் வாங்கத்தான் அங்கே போனேன் என்றதும் பொய். வள்ளம் கடலிலிருந்து திரும்பும் அன்று காலை ஏழு மணிக்கே ஆற்றுவாயில் போய் நின்றேன். "ஒரு சாமான் காட்டவேணும், வா," என்று நிதுர்ஷனுக்குப் போன் எடுத்து அவனையும் வரவழைத்தேன்.

எட்டே முக்காலுக்கு வள்ளம் தெரிந்தது. சதீசனும் அவன் தம்பி நிலோஜனும். சதீசன் எங்களைக் கண்டு கை காட்டினான். வேகத்தைக் குறைத்தான். சத்தம் நின்றது. இரண்டு தடவை ஸ்டார்ட் எடுக்கப் பார்த்தான், எடுக்கவில்லை. வள்ளம் பக்கவாட்டில் திரும்பியது, மூன்றாவது அலை அதைக் கவிழ்த்தது.

நிதுர்ஷன் உடுப்போடு பாய்ந்தான். நிலோஜனின் கையை ஒரு தடவை பிடித்தும்விட்டான், அடுத்த அலை பிரித்துவிட்டது. எனக்கும் நீச்சல் தெரியும். நான் பாயவில்லை. பம்பு நான் சொன்ன மாதிரியே செய்ததென்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதுங்கள், ஒப்பம் வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பம்பு இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. நிதுர்ஷனை முன்னால் நிறுத்தி அதைத் திறவுங்கள். உள்ளே தேய்ந்திருப்பதை அவன் கண்ணால் பார்க்கட்டும். அவன் இன்னும் அழுதுகொண்டிருக்கிறான், ஒன்றையும் பார்க்கிற நிலையில் இல்லை என்கிறீர்கள். அழுது முடிக்கட்டும், நான் பொறுத்திருக்கிறேன். தனுஷாவையும் கூப்பிடுங்கள் ஐயா. பம்பு விசயத்தில் இந்த மாமா முதலில் சொன்னதை நம்பியது பிழையில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.