நாலாம் நம்பர் போன்

ஓசியில் சினிமா பார்ப்பவனை நம் ஊரில் யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நானும் ஆபீஸ் இன்டர்நெட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படத்தை இறங்கப் போட்டுவிட்டு, சமர்த்தாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஆரம்பித்தால் வீட்டுக்குக் கிளம்பும்போது படம் தயாராக இருக்கும். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன்களில் குரல் உடைந்து உடைந்து வருகிறது என்று புகார் வந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க என்னையே நியமித்தார்கள்.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் தோல் பை ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. மாடியில் பன்னிரண்டு மேசை, நாலு இன்டர்நெட் போன். ஒயரில் ஓடும் எல்லாமே என் பொறுப்பு. என் பெயர் தட்சிணாமூர்த்தி. வாயே திறக்காமல் பாடம் நடத்தும் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு போன் ரிப்பேருக்கு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு மாதம் தேடினேன். நம்புங்கள், உண்மையாகவே தேடினேன். கேபிளை மாற்றினேன், ஹெட்செட்டை மாற்றினேன். லைன் கொடுத்தவர்களைக் கேட்டால், "உங்க சைடுல செக் பண்ணுங்க சார்" என்றார்கள். முதலாளி பக்தவச்சலத்திடம் ஏரிக்காற்று, ஈரம் என்று சொல்லி வைத்தேன். குரல் எந்த இடத்தில் உடைகிறது என்று பிறகு கேட்டுப் பார்க்க, எல்லாப் பேச்சும் என் கம்ப்யூட்டரில் பதிவாகும்படி செய்தேன். பதினொரு பேருடைய கம்ப்யூட்டரையும் திறந்து பார்த்தேன். என்னுடையதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

நாலாம் நம்பர் போன் ஷரீஃபா அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. சாம்பிள் பைகளின் தையலைச் சரிபார்ப்பவர் அவர். கணவர் ஷாகுல் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்பதால், முதலாளியின் அனுமதியோடு, நாலு மணிக்கு அந்த போனில் கூப்பிடுவார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். கேக்குதா?"

"வ அலைக்கும் ஸலாம். விட்டு விட்டுக் கேக்குதுங்க."

"சாப்பிட்டியா? இரம் எப்டி கீறா?"

"உங்க பொண்ணு நல்லா கீறா. முன்பல்லு ஆடுது." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உன் போனுக்கும் பல்லு ஆடுதுப்பா. புடுங்கிட்டு வேற வை" என்பார். ஆபீஸே சிரிக்கும். நான்தான் அதிகமாகச் சிரிப்பேன்.

செப்டம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை லைன் படுமோசம். அன்று நான் போட்டிருந்தது மூன்று மணி நேரப் படம். ஷாகுல் நீளமாக ஏதோ கேட்டார். அக்கா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு இரண்டு தடவை "இன்னாங்க?" என்றார். மூன்றாவது தடவை, "சரிங்க, சரிங்க" என்றுவிட்டார். நாம் எல்லாரும் செய்வதுதான். போனில் கேட்காததற்கெல்லாம் நம்மிடம் உள்ள பதில் 'சரி'.

மறுநாள் காலை நான் மட்டும் முன்னால் வந்திருந்தேன். நாலாம் நம்பர் அடித்தது. ஷாகுலின் அறைத் தோழர் அக்தர் பேசினார்.

"ஷாகுல் பாய் ராத்திரி தூக்கத்துலயே மவுத்தாயிட்டாருண்ணா. நேத்து நெஞ்சு வலின்னாரு. ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போய்க்கட்டான்னு வூட்ல கேட்டாரு. அவங்க சரின்னாங்களாம். படுத்துக்கினாரு."

குரல் மணி போல வந்தது. ஒரு எழுத்து உடையவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே என் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். படம் முழுசாக இறங்கியிருந்தது.

"அக்காகிட்ட நானே பக்குவமா சொல்றேன். நீங்க யாரும் போன் பண்ணாதீங்க" என்றேன். அக்தருக்குப் பெரிய பாரம் இறங்கியது மூச்சிலேயே தெரிந்தது.

சொல்வதாகத்தான் இருந்தேன். அக்கா டிபன் பையோடு படியேறி வந்து, "இன்னா தம்பி, லைன் சரியாச்சா?" என்றார். "பாத்துட்டிருக்கேன்க்கா" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அந்தச் 'சரி' எதற்குச் சொன்ன சரி என்று தெரிந்தால் அந்த மனுஷி உடைந்துபோவார். அதற்காகத்தான் சொல்லவில்லை.

அங்கேயே அடக்கம் செய்ய மனைவியின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று அக்தர் மறுபடி கூப்பிட்டார். இங்கிலீஷில் டைப் அடித்து அக்காவிடம் நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"இன்னா பேப்பர் இது?"

"போன் விஷயமாக்கா."

"போட்டா நல்லா கேக்குமா?"

"கேக்கும்க்கா."

தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். அன்றே ஃபேக்ஸ் அனுப்பினேன். அடக்கம் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நாலு மணிக்கு அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். என்னிடம் ஐந்து வாரத்து ஷாகுல் இருந்தார். ஸலாம், கேக்குதா, சாப்பிட்டியா, இரம் எப்டி கீறா, வெச்சிடட்டா. துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரிலிருந்து நாலாம் நம்பரை அடித்து, ஒவ்வொன்றாக அழுத்தினேன். இரண்டு நிமிடம். லைன்தான் மோசமாயிற்றே, அக்காவுக்குச் சந்தேகம் வரவில்லை. படம் இறக்குவதை நிறுத்தியிருந்ததால் மற்ற மூன்று போனும் பிரமாதமாகப் பேசின.

"அந்த ஒண்ணு மட்டும் என்னய்யா பேஜார் பண்ணுது?" என்றார் முதலாளி.

அடுத்த வெள்ளி இன்னும் நன்றாக வந்தது. இரமுக்குப் பல் விழுந்த கதையை அக்கா சொல்லச் சொல்ல, சரியான இடங்களில் ஷாகுலின் "ம்... ம்..." விழுந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஒளிப்பானேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு 'ம்' நான் அழுத்தாமலே வந்தது போல இருந்தது. பதிவில் தேடினேன், இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கு முன் ரம்ஜான் நோன்பு தொடங்கியிருந்தது. அந்த வாரம் முழுக்க அக்கா டீ தொடவில்லை. அவர் பங்கையும் நான்தான் குடித்தேன். அப்படியும் உறைக்கவில்லை. நோன்பு வைத்திருக்கும் மனைவியிடம், சாயங்காலம் நாலு மணிக்கு, ஷாகுலை "சாப்பிட்டியா?" என்று கேட்கவைத்தேன்.

அக்கா ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். "கேக்குதா? கேக்குதா?" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்த விரல் போகவில்லை. இப்போதும் நிற்கவில்லை. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் ஃபேன் சத்தத்திலும் வருகிறது. 'கேக்குது' என்று சொல்லியும் பார்த்துவிட்டேன். மறுபடியும் கேட்கிறார்.

மறுநாள் அக்கா வந்தார். முந்தைய நாள் ராத்திரியே அக்தரிடம் பேசிவிட்டிருந்தார். சத்தம் போடவில்லை. என் மேசை முன்னால் உட்கார்ந்து, "சொல்லு" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பதிவு, துண்டுகள். படத்தைச் சொல்லவில்லை. லைன் கோளாறு என்றேன். அக்கா உங்களிடம் கொடுத்த புகாரிலும் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

"அப்ப நான் சரின்னு சொல்லித்தான் அவர் போவல" என்றார்.

"உங்க மேல தப்பே இல்லக்கா. லைன் அப்படி" என்று ஆறுதல் சொன்னேன்.

"அவர் மவுத்துக்கு நாலு மாசம் பத்து நாள் வூட்டோட இத்தா இருக்க வேண்டியவ. மூணு வாரமா பூப்போட்ட பொடவை கட்டிக்கினு உன்கிட்ட சிரிச்சிக்கினு இருந்திருக்கேன்."

எனக்குத் தாங்கவில்லை. "உங்க நல்லதுக்குத்தானேக்கா செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க."

"இல்ல" என்றார் ஷரீஃபா அக்கா. "நீ பயந்துக்கினு செஞ்ச. இன்னாத்துக்குப் பயந்தேன்னுதான் எனக்குத் தெரியல."