ஏழாம் மதகின் நல்ல காலம்

எனக்கு எச்சில் ஆகாது, சார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு இது கொஞ்சம் சங்கடமான குணம்தான். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், சபைக் கன்வென்ஷன் பந்தல் என்று போய்வரும் ஒவ்வொரு மைக்கும் யாருடைய வாயிலிருந்தாவது எதையாவது சுமந்துகொண்டுதான் கடைக்குத் திரும்பும். நான் அதன் வலைத் தலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்ப்பேன். "சுயம்புவுக்க மைக்கு நம்ம பல்லைவிட சுத்தமாக்கும்" என்று பாறசாலையில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் குறைவு. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். இந்த வயதுவரை அப்படிச் சிரித்தே வந்து சேர்ந்துவிட்டேன்.

'ஏழாம் மதகு' என்ற பாண்டை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. எண்பதுகளின் கடைசியில், பழைய மிஷன் சபை ஒன்றின் பாடகர் குழுவிலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கியது. புரோகிரசிவ் ராக் என்பார்கள். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். தாளம் பாதிவழியில் மனம் மாறும். இங்கே கைதட்டலாம் என்று நினைக்கிற இடத்தில் அடுத்த பகுதி ஆரம்பிக்கும். ஒருமுறை ஆரியங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனார்கள். முதல் பாட்டு முடியும்போது பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிவிட்டிருந்தார்கள். இருந்தும் பாண்டு இன்றைக்கும் நடக்கிறது. ஆட்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை.

அதற்கு மூன்று காலம் உண்டு. ராபின்சன் அண்ணன் பாடிய முதல் காலம். அவர் அப்பாவின் ரப்பர் தோட்டத்தைப் பார்க்கப் போன பிறகு, குரலே இல்லாமல் கீபோர்டு மட்டும் ஆண்ட இரண்டாம் காலம். இப்போதைய இளவட்டங்களின் மூன்றாம் காலம். ரசிகர்களில் நான் முதல் காலத்துக்காரன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ராஜதாஸ் இரண்டாம் காலம். நெய்யாற்றின்கரையில் கல்லூரியில் பாடம் எடுக்கும் அஜிஷா மூன்றாம் காலம். சாயங்காலமானால் மூவரும் என் கடையில் கூடுவோம்.

"வாயில்லாத பாட்டாக்கும்லே பாட்டு" என்பான் ராஜதாஸ்.

"நீ கல்யாணம் கழிச்சவன். உனக்கு அப்படித்தான் தோணும்" என்பேன்.

"ரெண்டு மாமாவும் மியூசியத்துல போயி இரியுங்க. பாண்டு இன்னும் சாவல்ல, கேட்டியளா?" என்பாள் அஜிஷா.

எனக்கு மனைவி, பிள்ளை என்று எதுவும் அமையவில்லை. இந்த வழக்கு அமைந்தது. என் கட்சி தோற்றதே இல்லை. இளம் ராபின்சன் 'பொழி முறிந்த நாள்' பாட்டின் மூன்றாம் பகுதியில் மேலே ஏறுகிற இடத்தை நான் கேசட்டில் ஓடவிட்டால், ராஜதாஸே "இன்னொருக்க போடுலே" என்பான். அது எனக்குப் போதும்.

இந்த வருடம் பாண்டின் ஆண்டுவிழாவுக்கு ராபின்சன் அண்ணனைத் திரும்பப் பாடவைக்கலாம் என்று முடிவாயிற்று. ஒத்திகை ஆரியங்கோட்டில், அவருடைய ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டில். நான்தான் மைக் கொண்டுபோனேன். புதிய மைக். அவருக்கென்று வாங்கியது.

அவர் பாடினார், சார். அதைப் பாட்டு என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறேன். இரண்டு வரிக்கு ஒருமுறை தொண்டைக்குள் ஏதோ புரண்டது. தேங்காய்ச் சிரட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து அதில் துப்பினார். துப்பிவிட்டு, வாயைத் துடைக்காமல் மைக்கைப் பிடித்தார். வலையில் ஒரு மஞ்சள் துளி தொங்கியது. மேலே ஏறவேண்டிய இடத்தில் அவர் ஏறவே இல்லை. கீழே இறங்கி, பேசுவது மாதிரி, உடைந்த குரலில் முணுமுணுத்துவிட்டு நிறுத்தினார்.

மற்றவர்கள் முகத்திலும் என் முகத்தில் இருப்பதே இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். ராஜதாஸ் அழுதுகொண்டிருந்தான்.

"எலே சுயம்பு, இத்தற காலம் நாம மண்டத்தனமால்லா சண்டை போட்டோம். ஒண்ணாம் காலமும் இல்ல, ரெண்டாம் காலமும் இல்ல. அண்ணனுக்க காலம் இப்பமாக்கும்."

"அந்தச் சளி உனக்குக் கேக்கல்லியா?"

"அதும் பாட்டுல உள்ளதுதாம்லே."

அஜிஷாவும் தலையாட்டினாள். "சின்ன வயசுல பாடினது இதுக்கு உள்ள ரிகர்சலாக்கும், மாமா" என்றாள்.

நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு மைக்கைக் கழுவவில்லை. தூக்கிப் போட்டுவிட்டேன். ஊர் கூடிய மைதானத்தில் இதை அவர் பாடினால், இனி யாரும் அந்த இளம் குரலைக் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் 'ரிகர்சல்' என்பார்கள். ஒரு மனிதரின் நல்ல காலத்தை அவர் கையிலிருந்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அவர் மனம் நோகும், சார். எனக்கு அதெல்லாம் முடியாது.

ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை வாங்கிக் கையில் கிடைத்த குடிநீர்க் குப்பியில்தான் ஊற்றி வைப்பார்கள். பார்க்க வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும். எப்போதாவது ஒரு வீட்டில் யாராவது மாற்றி எடுத்துக் குடித்துவிடுவார்கள். ஊர் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. கவனப்பிசகு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

அந்த ஷெட்டில் ஆசிட் குப்பி ஜன்னலில் இருந்தது. அண்ணனின் மனைவி ரத்னபாய் அக்கா, அவருக்கு வெதுவெதுப்பான தண்ணீரை அதே மாதிரிக் குப்பியில் கொண்டுவந்து, மூடியைத் தளர்த்தி, இடது கைப் பக்கம் ஷீட் அடிக்கும் ரோலர் மேல் வைப்பார். மூன்றாம் பகுதியில் கிட்டார் மட்டும் நீளமாகப் போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே அவர் கண்ணை மூடியபடியே இடது கையை நீட்டுவார். எடுத்து மடமடவென்று குடிப்பார். இளவயதிலிருந்தே அப்படித்தான். இதைக் கவனித்து வைத்திருக்கிறவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரசிகன் என்றால் சும்மாவா?

அடுத்த ஒத்திகையில் வயரைச் சரிசெய்வதுபோலப் போய், இரண்டு குப்பிகளையும் இடம் மாற்றினேன். ஆசிட் குப்பியின் மூடியையும் தளர்த்தி வைத்தேன். நான் எதையும் ஊற்றவில்லை, கலக்கவில்லை. வாடை வந்திருக்குமே என்று கேட்பீர்கள். ஷெட்டுக்குள் எந்நேரமும் அந்த வாடைதான். உள்ளே நிற்பவர் மூக்குக்கு அது தனியாகத் தெரியாது.

அவர் எடுத்துக் குடித்தபோது மைக் திறந்திருந்தது. அதனால் அந்தச் சத்தம் ஸ்பீக்கர் பாக்ஸில் பெரிதாக வந்தது. எல்லோரும் அவரை நோக்கி ஓடினார்கள். நான் வால்யூமைக் குறைத்தேன். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

உயிர் இருக்கிறது. வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சித் தண்ணீர் போகிறது. குரல் இல்லை. தினமும் போய்ப் பார்ப்பேன். ஓடி ஓடி உதவி செய்வதாக ஆஸ்பத்திரியில் எனக்கு நல்ல பெயர்.

ரத்னபாய் அக்காவின் கதைதான் மோசம். "நானாக்கும் குப்பியை மாத்தி வச்சேன், சுயம்பு. எனக்க கையாக்கும் அவியளக் கொன்னது" என்று அழுவார். "யாருக்கும் வாற பிழையாக்கும், அக்கா. உங்க கர்த்தர் மன்னிப்பாரு" என்று நான் சொல்வேன். இப்போது அவர் எதைத் தொட்டாலும், "இது என்னதுண்ணு மணத்திப் பாரு" என்று வருகிறவர்களிடம் நீட்டுகிறார். நேற்று என்னிடம் வெறும் தண்ணீரை நீட்டினார். நான் முகர்ந்து, "வெள்ளம்தான் அக்கா" என்றேன். அப்படியும் குடிக்காமல் வாசலில் கொட்டிவிட்டார். எனக்கு மனசு இளகிவிட்டது, சார். அதனால்தான் நானாக நடந்து வந்தேன். அவர் மேல் பிழையில்லை, செய்தது நான். நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல இருக்கிறது.

இன்று காலை ராஜதாஸும் அஜிஷாவும் கடைக்கு வந்தார்கள். நிகழ்ச்சி நின்றுபோகவில்லையாம். முதல் ஒத்திகையை அஜிஷா தன் போனில் முழுவதும் வீடியோ பிடித்து வைத்திருக்கிறாள். அதிலிருந்து குரலை எடுத்துப் பெரிய பாக்ஸில் போட்டு, பாண்டு கூடவே வாசிக்கப் போகிறதாம்.

"அண்ணனைக் கொண்டுவந்து முன்னால இருத்துவோம் மக்கா. ரத்னபாயக்காளும் வாறாவ. அவியளுக்கும் ஒரு ஆறுதலாட்டு இருக்கும்" என்றான் ராஜதாஸ்.

"பாக்ஸ் உங்கதுதான் மாமா. வேற யாரு போட்டாலும் செரியாவாது" என்றாள் அஜிஷா.

செய்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு கடையைப் பூட்டிவிட்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என்மேல் எந்தச் சட்டப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் அந்தப் போன் வழக்குக்குத் தேவைப்படும் இல்லையா? அண்ணன் கண்ணை மூடிக் கையை நீட்டுவது அதில் தெளிவாக இருக்கும். முக்கியமான சான்றுப் பொருள், சார். இன்றைக்கே ஆள் அனுப்பி வாங்கி, உறையில் போட்டு, அரக்கு வைத்துவிடுங்கள். வேறு பிரதி எடுத்திருந்தால் அதையும் சேர்த்து.

நிகழ்ச்சி நாளை சாயங்காலம். வழக்கு எத்தனை வருடம் இழுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.