சுவிஸ் கப்பலுக்கு ஒரு பூச்சு

ஆமா சார், வேம்புலின்றது நான்தான். ஹார்பர்ல கப்பலுக்கு பெயிண்டு அடிக்கிறவன். ஏரிக்கரையா நடந்தே வந்தீங்களா? இப்டி குந்துங்க. எத்திராஜு மேஸ்திரி பெயிண்டுல கிருஷ்ணாயில் கலந்தாரான்னுதான கேக்கறீங்க? இல்ல சார். அவர போலீஸ் டேசன்ல குந்த வெச்சிகீறது பாவம். நான் சொல்றத அப்டியே எழுதிக்கோங்க.

சுவிஸ்னு ஒரு தேசமாம். சண்டைல இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. அவுங்க ஊர்ல கடலே கெடையாது. ஆனா சண்டன்னு சொன்னா வயிறு கேக்குமா? அதான் எங்கெங்கியோ கப்பல் புடிச்சி, இங்கேருந்து வேர்க்கடலையும் தோலும் ஏத்திகினு போறாங்க. கப்பலுக்கு ரெண்டு பக்கமும் ஊடு ஒசரத்துக்கு செவப்புக் கொடி எழுதி, நடுவுல வெள்ளையா சிலுவ போடணும். தண்ணிக்குள்ள திரியிற ஜெர்மன்காரன் கப்பலு அதப் பாத்து, இவன் நம்ப எதிராளி இல்லன்னு உட்ருவானாம். அத்தொட்டு செவப்பு மட்டும் ரெண்டு பூச்சு. அதுக்கு வோண்டிய டப்பா அத்தினியும் மேஸ்திரி தந்தாரு.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் சார். மிஞ்சற பெயிண்டு பெயிண்டருக்கு. வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்கு கொரட்டூரு மாட்டுக் கொம்புக்கெல்லாம் நம்ப கைதான். சண்ட வந்ததுலேருந்து கடைல பெயிண்டே கண்ணுல படல. இந்த வாட்டி காவியக் கரச்சிதான் பூசணும், வேம்புலி கை வத்திப்பூடுச்சின்னு, என் சம்சாரம் மொதக்கொண்டு கிண்டலு. எனக்கு ரோசம் பொத்துகினு வந்துச்சி. ஒரு பூச்சோட நிறுத்திகினேன். ஒரு பூச்சே பளபளன்னுதான் கீது, போதும்னு நெனச்சேன். மீதிய கூடைல வெச்சி, மேல தழையப் போட்டு, ரயில்ல கொண்ணாந்துட்டேன். ஊர்ல ஒரு மாடு பாக்கி இல்ல, அம்மாம் கொம்பும் செவப்பு. சந்தோசமாத்தான் இருந்துச்சி, பொய் சொல்லக்கூடாது.

உப்புத்தண்ணி, வெய்யிலு. ஒரு பூச்சு எத்தினி நாள் தாங்கும்? கொடி வெளுத்துப்பூடுச்சி, தூரத்துல பாத்தா துரு மாரிதான் தெரிஞ்சிருக்கும்னு, ஜெர்மன்காரன் அடிச்சி முழுகன அந்தக் கப்பல்லேருந்து பொழச்சி வந்தவன் சொல்லிகீறான், அது உங்க காயிதத்துலயே கீது. மேஸ்திரி மேல போட்டுட்டா நான் தப்பிச்சிக்கலாம், தெரியும் சார். தப்பிச்சி இன்னா பண்ணப் போறேன்?

இன்னா சார்? அந்தக் கப்பல்ல நம்ப ஊரு ஆளு யார்னா போனாங்களா? ஒர்த்தன் போனான். அடுப்புக்குக் கரி அள்ளிப் போட. பட்டாளத்துல சேர்றேன்னு ஒத்தக்கால்ல நின்னுகினு இருந்தான். நான்தான், அது வேணான்டா, இதுல போ, கொடி நானே எழுதிகீறேன், ஒர்த்தனும் தொட மாட்டான்னு கையோட இட்டுகினு போயி ஏத்தி உட்டேன். பேரு பரந்தாமன். வயசு பத்தொம்பது. அப்பா பேரா? என் பேரப் போட்டுக்கோங்க சார்.